கூட்டம் இல்லாத தீவில் சில நாட்கள்: முதல்முறை திட்டமிடுகிறவர்களுக்கு

காலை பத்து மணி வரை அந்தக் கடற்கரையில் நானும் இரண்டு கொக்குகளும் மட்டும்தான். பத்தே காலுக்கு முதல் படகு வந்தது. பதினொரு மணிக்குள் எட்டுப் படகுகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் இருபது, முப்பது பேர். பிற்பகல் மூன்று மணிக்குத்தான் எல்லாரும் கிளம்பினார்கள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. வருடக்கணக்கில் காசு சேர்த்துப் போன பயணம் அது. அறையிலோ சாப்பாட்டிலோ கவனிப்பிலோ ஒரு குறையும் சொல்ல முடியாது. எதற்காகப் போனேனோ அந்த அமைதி மட்டும் கிடைக்கவில்லை.

தங்குமிடம் எவ்வளவு உயர்தரமானது என்பதற்கும் அங்கே அமைதி இருக்குமா என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும், அதுவும் அமைதியை முதலில். நான் இப்போது எந்த வரிசையில் யோசித்துத் திட்டமிடுகிறேனோ, அதே வரிசையில் இங்கே சொல்கிறேன்.

1. எந்த மாதிரித் தீவு வேண்டும்?

தீவு என்றதும் எல்லாருக்கும் ஒரே படம்தான் மனதில் வருகிறது: வெள்ளை மணல், நீலத் தண்ணீர், கடல்மேல் நிற்கும் குடில். அது மாலத்தீவின் படம். சுமார் 1,200 பவளத் தீவுகள் கொண்ட அந்த நாட்டில், 1972இல் முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் பொதுவான வழக்கம். விருந்தினர்களையும் ஊழியர்களையும் தவிர வேறு யாரும் அந்தத் தீவில் இருக்க மாட்டார்கள். வேலையெல்லாம் மறந்து படுத்துக் கிடக்க, நீந்த, படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் பல தீவுகளைக் கால் மணி நேரத்தில் சுற்றி நடந்து முடித்துவிடலாம். மூன்றாம் நாளே கால் பரபரக்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு அது சரிப்படாது.

அவர்களுக்கு மலையும் காடும் உள்ள தீவு வேண்டும். செஷல்ஸின் உள்தீவுகளில் பெரும்பாலானவை பவளத்தால் ஆனவை அல்ல, கருங்கல் பாறைகளால் ஆனவை. ஏறி இறங்கப் பாதைகள் இருக்கின்றன; ராட்சத ஆமைகள் தம் பாட்டுக்குக் குறுக்கே நடந்து போகும். இன்னும் சிலருக்கு ஊர் வேண்டும்: நடந்து போக ஒரு தெரு, உட்கார ஒரு திண்ணை, பேச நாலு மனிதர்கள். கிரீஸின் ஃபோலெகாண்ட்ரோஸ், அமோர்கோஸ் போன்ற தீவுகள் அந்த வகை. இரண்டிலும் விமான நிலையம் இல்லை, கப்பலில்தான் போக வேண்டும். கூட்டம் குறைவாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

கூட வருகிறவரிடமும் இதைப் பேசிவிடுங்கள். ஒருவருக்கு நிம்மதியாக இருக்கும் இடம் இன்னொருவருக்குச் சிறை மாதிரி ஆகிவிட்டால், எவ்வளவு செலவு செய்தும் பிரயோசனம் இல்லை.

2. காற்றைப் பார்த்து மாதத்தைத் தீர்மானியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். புதிதாகப் போகிறவர்கள் தீவை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, விடுமுறை கிடைக்கும் மாதத்தை அதன்மேல் ஒட்டவைக்கிறார்கள். அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். உங்களுக்கு எந்த மாதம் விடுமுறை என்பதை வைத்துக்கொண்டு, அந்த மாதத்தில் எந்தக் கடல் அமைதியாக இருக்கும் என்று தேடுங்கள்.

ஒரே நாட்டிலேயே இது மாறும். தாய்லாந்தின் மேற்குக் கரையில், அதாவது புக்கெட், கிராபி பக்கம், மே முதல் அக்டோபர் வரை மழையும் கொந்தளிப்பும். சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைக்கிறார்கள். கிழக்கே வளைகுடாவில் இருக்கும் சமுய்யில் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஆக, ஆகஸ்டில் போக முடிகிறவர் சமுய் பக்கம் போகலாம். பிப்ரவரி என்றால் புக்கெட் பக்கம்.

மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழைக்காலம் என்றதும் ஒதுக்கிவிட வேண்டாம். பா என்ற பவளத்திட்டில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மாண்டா திருக்கைகள் கூட்டங்கூட்டமாக வருவது மே முதல் நவம்பர் வரைதான். அந்தப் பவளத்திட்டு முழுவதையும் யுனெஸ்கோ 2011இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. திருக்கைகளைப் பார்க்க ஆசை இருந்தால் நான்கு மழை நாட்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

செஷல்ஸின் பெரும்பகுதி புயல் பாதைக்கு வெளியே இருக்கிறது. அங்கே கவனிக்க வேண்டியது காற்றின் திசை. மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று; அந்த மாதங்களில் தீவின் தென்கிழக்குக் கரைகளில் அலை அதிகம், பாசியும் ஒதுங்கும். அதே நாளில் எதிர்ப்பக்கக் கரை குளம் மாதிரி கிடக்கும். ஏப்ரலும் அக்டோபரும் காற்று திரும்புகிற மாதங்கள். கடல் தெளிந்திருக்கும், கூட்டமும் குறைவு.

கரீபியனுக்குப் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அருபா, போனேர், குரசாவ் மூன்றும் வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே தள்ளி இருப்பதால் அந்த மாதங்களிலும் பெரும்பாலும் தப்பிவிடும். 2011 முதல் இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது: சர்காசம் என்ற கடற்பாசி, வசந்தத்திலும் கோடையிலும் அட்லாண்டிக்கைப் பார்த்த கரைகளில் குவியல் குவியலாக ஒதுங்கி அழுகி நாறும். கரீபியன் கடலைப் பார்த்த மேற்குக் கரையில் அறை எடுத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

கிரேக்கத் தீவுகளில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் கூட்டமும் காற்றும் சேர்ந்து வருகிற மாதங்கள். மெல்டெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் விடாமல் அடிக்கும். செப்டம்பரில் போங்கள். கோடை முழுக்க வெயில் வாங்கிய தண்ணீர் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

3. கூட்டம் எந்த வழியாக வருகிறது?

எந்தத் தீவாக இருந்தாலும் கூட்டம் வருவது மூன்று வழிகளில்: நேரடி விமானம், பெரிய உல்லாசக் கப்பல், ஒரு நாள் சுற்றுலாப் படகு. இந்த மூன்றும் இல்லாத தீவாகப் பாருங்கள்.

சான்டோரினியை எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையமும் உண்டு, கப்பல்களும் வரும். கப்பலில் வந்து இறங்குகிறவர்களை மட்டும் நாளுக்கு 8,000 பேர் என்று 2025 முதல் கட்டுப்படுத்த வேண்டிய நிலை வந்தது. அங்கே எவ்வளவு விலை உயர்ந்த குகை அறை எடுத்தாலும், மாலையில் தெருவில் இறங்கினால் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். இதற்கு நேர்மாறானது ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவு. ஒரே நேரத்தில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் தங்க அனுமதி இல்லை. சிட்னியிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம் சிறு விமானத்தில் போக வேண்டும். இப்படி எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும் தீவு கண்ணில் பட்டால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கடைப்பிடிக்கும் கணக்கு எளிமையானது. பன்னாட்டு விமானத்தை விட்டு இறங்கிய பிறகு குறைந்தது இன்னொரு பயணமாவது இருக்க வேண்டும்: ஒரு சிறு விமானமோ, ஒன்றிரண்டு மணி நேரப் படகோ. பெரும்பாலானவர்கள் அந்த இரண்டாம் பயணத்துக்குச் சலித்துக்கொண்டு பக்கத்திலேயே தங்கிவிடுவார்கள்.

படகுகளைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் கஷ்டம். சான்சிபாருக்கு வடகிழக்கே இருக்கும் ம்னெம்பா தனியார் தீவுதான். வெளியார் கரையேற முடியாது. ஆனால் சுற்றியுள்ள பவளத்திட்டில் ஸ்நார்க்லிங் (முகமூடி போட்டு மேலாக நீந்திக் கடலடியைப் பார்ப்பது) செய்ய வருகிறவர்களின் படகுகள் காலையிலிருந்தே வரிசை கட்டும். தீவு தனியாருடையது என்பதால் கடலும் தனியாருடையது ஆகிவிடாது. அதனால் தீவின் பெயரோடு 'ஒரு நாள் சுற்றுலா' என்று சேர்த்துத் தேடுங்கள். பக்கம் பக்கமாக விளம்பரம் வந்தால் அந்தத் தீவை விட்டுவிடலாம். கப்பல்கள் எந்தெந்த நாளில் எந்தத் துறைக்கு வரும் என்ற அட்டவணையும் இணையத்தில் மாதக்கணக்கில் முன்னதாகவே கிடைக்கிறது.

4. தங்குமிடத்தை எடைபோடுவது

விளம்பரப் படங்களை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு எண்களைத் தேடுங்கள்: எத்தனை அறைகள், எவ்வளவு நிலம். செஷல்ஸின் நார்த் தீவில் சுமார் 200 ஹெக்டேருக்கு 11 வில்லாக்கள். கரீபியனில் பெட்டி செயின்ட் வின்சென்ட் தீவில் 115 ஏக்கருக்கு 22 குடில்கள். பசிபிக் கடலில், டஹிட்டிக்கு அருகே டெட்டியாரோவா பவளத்திட்டில் 2014இல் திறந்த ரிசார்ட்டில் 35 வில்லாக்கள். அங்கே ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் குழாயில் மேலே கொண்டுவந்து அறைகளைக் குளிர்விக்கிறார்கள். இவற்றோடு, கையளவு தீவில் நூற்றைம்பது அறைகள் கட்டியிருக்கும் ஒரு ரிசார்ட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுமே ஐந்து நட்சத்திரம் என்றுதான் போட்டுக்கொள்ளும்.

அடுத்து, செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து தீவை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். படகுத்துறை எங்கே, கடல்விமானம் இறங்கும் இடம் எங்கே, பெரிய தகரக் கூரைகள் எங்கே என்று தெரியும். அந்தத் தகரக் கூரையின் கீழ் பெரும்பாலும் ஜெனரேட்டரும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரமும் இருக்கும். இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து தள்ளி, படகுத்துறைக்கு எதிர்ப்பக்கமாக, வரிசையின் கடைசியில் உள்ள அறையைக் கேளுங்கள். வில்லா எண்ணைக் குறிப்பிட்டே கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கடல்மேல் நிற்கும் குடில்களைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை தங்கிப் பார்க்கலாம், கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் அவை ஒரே மரப்பாலத்தில் அடுத்தடுத்து வரிசையாக நிற்பவை. யாராவது பெட்டியை உருட்டிக்கொண்டு போனாலும் அந்த அதிர்வு உள்ளே கேட்கும். பக்கத்துக் குடில்காரர் பேசுவது தண்ணீர்மேல் மிதந்து வரும். மரங்களுக்கு நடுவே மறைந்திருக்கும் கரையோர வில்லாதான் அமைதிக்கு நல்லது. நிழலும் கிடைக்கும், மணலில் கால் வைத்ததும் கடல்.

கடல் வற்றும் அளவையும் விசாரியுங்கள். மாலத்தீவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்தான் வித்தியாசம் வரும். சான்சிபார் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 3, 4 மீட்டர் வரை போகும். வற்றும்போது கடல் கண்ணுக்கு எட்டாத தூரம் பின்வாங்கிவிடும். நீந்த நினைத்தவர் மணல்வெளியில் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பதிவு செய்வதற்கு முன்னால் மின்னஞ்சலில் நான் கேட்கும் கேள்விகள் இவை. எழுத்தில் பதில் வாங்குங்கள், தொலைபேசியில் சொன்னது காற்றோடு போய்விடும்.

- நான் தங்கும் தேதிகளில் தீவில் கட்டுமான வேலை நடக்குமா? பக்கத்துத் தீவில்?
- திருமணம், நிறுவனக் கூட்டம் மாதிரி பெரிய குழுக்கள் ஏதேனும் பதிவு செய்திருக்கின்றனவா?
- வெளியிலிருந்து ஒரு நாள் விருந்தினர்களை அனுமதிப்பீர்களா?
- கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பவளப்பாறையைப் பார்க்க முடியுமா, இல்லை ஒவ்வொரு முறையும் படகு பிடிக்க வேண்டுமா?
- போக்குவரத்துக் கட்டணம் அறைக் கட்டணத்தில் சேர்ந்ததா?

கடைசிக் கேள்வி முக்கியம். தொலைதூரத் தீவில் கடல்விமானமோ விரைவுப்படகோ தனிக் கணக்காக வரும்போது மொத்தச் செலவே மாறிவிடும். சாப்பாடும் அப்படித்தான். தீவில் வேறு கடை கிடையாது, அதனால் மூன்று வேளையும் சேர்ந்த திட்டமாக எடுத்துவிடுவது நிம்மதி.

5. போய்ச் சேர்வது

மாலத்தீவின் கடல்விமானங்கள் கண்பார்வையை நம்பி ஓட்டப்படுபவை, பகலில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் மாலேயில் இறங்கினால் அன்றைக்கு விமானம் கிடைப்பது சந்தேகம். எனக்கு ஒருமுறை இப்படி ஆனது. இணைப்பு விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகி, முதல் இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் கழித்தேன். தீவில் எனக்காகக் காத்திருந்த அறைக்கும் அந்த இரவுக்கான காசு போனது. அன்றிலிருந்து காலையில் இறங்கும் விமானமாகத்தான் பார்க்கிறேன். பெட்டியின் எடையையும் கவனியுங்கள். கடல்விமானத்தில் பொதுவாக 20 கிலோவும், கையில் 5 கிலோவும்தான். தீவில் அதற்கு மேல் தேவையும் இல்லை: பருத்தித் துணி, தொப்பி, நீச்சல் உடை, ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டை.

படகில் போகும் தீவுகளுக்குத் திரும்பும் வழியில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். கிரீஸில் காற்று 8 பியூஃபோர்ட் (காற்றின் வேகத்தைச் சொல்லும் அளவுகோல்) அளவை எட்டினால் பெரும்பாலான படகுகள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பாது. தீவிலிருந்து நேராக வீட்டுக்குப் பறக்கும் விமானத்தைப் பிடிக்கத் திட்டம் போட்டவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 24 மணி நேரம் விட வேண்டும். தாழப் பறக்கும் கடல்விமானம்தானே என்று சலுகை எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் காப்பீடு. அவசரத்தில் தீவிலிருந்து பெருநகர மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டு போகும் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வழக்கமான மாத்திரைகளைத் தேவையைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாகவே எடுத்துப் போங்கள்.

6. தொடங்குவதற்கு நல்ல சில இடங்கள்

முழுத் தனிமை பழக்கமில்லாதவர்களுக்குக் கோ யாவ் நொய் தீவைச் சொல்வேன். புக்கெட்டுக்கும் கிராபிக்கும் நடுவே பாங் ஙா விரிகுடாவில் இருக்கிறது; புக்கெட்டிலிருந்து விரைவுப்படகில் அரை மணி நேரம்தான். ரப்பர்த் தோட்டம், நெல்வயல், மீனவ வீடுகள், அவற்றுக்கு நடுவே சில உயர்தர ரிசார்ட்டுகள். நீந்துவதற்கு அவ்வளவு நல்ல கரை இல்லை, வற்றும்போது சேறு தெரியும். அதனால்தான் கூட்டம் வேறு தீவுகளுக்குப் போய்விடுகிறது.

பறவைகள் பிடிக்கும் என்றால் செஷல்ஸின் பறவைத் தீவு. அந்நாட்டின் முக்கியத் தீவான மாஹேயிலிருந்து அரை மணி நேர விமானம், 24 குடில்கள், அறையில் தொலைக்காட்சி கிடையாது. மே மாதத்திலிருந்து லட்சக்கணக்கான ஆலாக்கள் முட்டையிட வந்து இறங்கும். இரவெல்லாம் அவற்றின் கூச்சல் ஓயாது. மனிதச் சத்தம் அடங்கிய இடத்தில் அந்தக் கூச்சல் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைக் கேட்டால்தான் தெரியும்.

கடலுக்கு அடியில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தோனேசியாவின் மிசூல். ராஜா அம்பாட் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில், சோரோங் நகரிலிருந்து படகில் சுமார் நான்கு மணி நேரம். ரிசார்ட் நிற்கும் இடம் ஒரு காலத்தில் சுறாத் துடுப்பு வெட்டும் முகாமாக இருந்தது. இன்று சுற்றியுள்ள கடலில் மீன்பிடிக்கவே தடை, குட்டிச் சுறாக்கள் படகுத்துறைக்குக் கீழேயே திரிகின்றன. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை போகலாம்.

7. போன பிறகு

நான்கு இரவுக்குக் குறைந்து தங்காதீர்கள். வரும் நாளும் போகும் நாளும் பயணத்திலேயே கரைந்துவிடும். உடம்பு வேகம் தணிந்து, மணி பார்க்கும் பழக்கம் விட்டுப்போக எனக்கு இரண்டு நாள் ஆகிறது. மூன்றாம் நாள் காலையில்தான் தீவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெட்டி செயின்ட் வின்சென்டில் இதற்கு அழகான ஏற்பாடு: ஒவ்வொரு குடிலுக்கும் ஒரு கம்பம், மஞ்சள் கொடி ஏற்றினால் ஏதோ வேண்டும் என்று பொருள், சிவப்புக் கொடி ஏற்றினால் பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள். உங்கள் தீவில் கொடி இல்லாவிட்டாலும் வாயால் கேட்டாலே போதும். அறையை எத்தனை மணிக்குச் சுத்தம் செய்யலாம், யார் யார் வரலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

வெயில் களிம்பு வாங்கும்போது ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருட்கள் இரண்டும் இல்லாததாகப் பாருங்கள். பவளத்துக்குக் கேடு என்பதால் பசிபிக் தீவு நாடான பலாவு 2020இல் இவை கலந்த களிம்புகளுக்குத் தடை போட்டது. துத்தநாக ஆக்சைடு கலந்தது கிடைக்கும். அதைவிட முழுக்கைச் சட்டையோடு நீந்துவது இன்னும் நல்லது. பவளத்தின்மேல் நிற்காதீர்கள், கையால் தொடாதீர்கள். ஒரு விரலளவு வளர அதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன, உடைய ஒரு நொடி போதும். ஆமைகள் முட்டையிடும் கரையில் இரவில் டார்ச் அடிக்கக் கூடாது. உடைந்த பவளத்தையோ ஆமை ஓட்டையோ நினைவாக எடுத்து வராதீர்கள். மாலத்தீவில் அது சட்டப்படி குற்றம்.

கிளம்பும் நாளில் பெட்டியை முன்னாடியே கட்டிக் கொடுத்துவிட்டு, படகுத்துறைக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பலகைகளின் ஓரமாக நிழலில் உட்கார்ந்து கீழே பார்த்தால், கருந்துடுப்புச் சுறாவின் குட்டிகள், முழங்கை நீளம்கூட இருக்காது, சின்ன மீன் கூட்டத்தைக் கரையோரம் ஒதுக்கிக்கொண்டு போவது தெரியும்.